வேப்பமரத்தைப் படம் பிடித்தவள்

வந்த வேகத்திலேயே ஐயாதுரை இருளப்பசாமியின் சட்டையைப் பிடித்துவிட்டான். பாதித் தெரு அவன் பின்னால் வாசலில் நின்றது.

"நேரங்கெட்ட நேரத்துல வெடி வச்சது நீதானலே? எம்புள்ள தொட்டில்ல கெடந்தான். பக்கத்துச் சுவரு ரெண்டா விட்டுப்போச்சு."

இராஜபாளையத்துக்குக் கிழக்கே ஒரு கல்குவாரியில் வெடி வைப்பதுதான் இருளப்பசாமிக்கு வேலை. பொழுது சாய்ந்தபின் வெடித்ததாகப் புகார் போனால் லைசென்சும் போகும், போலீஸ் கேஸும் வரும். "நான் வீட்லதாம்ணே இருந்தேன்" என்று அவன் சொன்னதையே சொன்னான். யார் கேட்கிறார்கள்?

"வானத்துல நெருப்பா ஒண்ணு போச்சுல்ல, அதோட சத்தம்ணே" என்றாள் அவன் மனைவி யோகேஸ்வரி.

"அது போயி செத்த நேரம் கழிச்சுல்லா சத்தம் வந்துச்சு. யாரு காதுல பூச்சுத்துத?"

"நான் போன்ல எடுத்திருக்கேன்" என்றவள் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். எடுத்த லட்சணம் அவளுக்குத்தானே தெரியும்.

பட்டாளத்தில் இருக்கும் தம்பிக்கு அனுப்பலாமென்று, ஸ்ரீவில்லிபுத்தூர் மலைமேல் சிவந்திருந்த மேகத்தை மாடியில் நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அந்த நெருப்புப் பந்து வானத்தைக் கிழித்துக்கொண்டு வந்தது. எரிநட்சத்திரத்தைப் பார்த்த கண்ணால் உடனே பச்சை மரத்தைப் பார்க்காவிட்டால் ஆகாது என்பது சின்ன வயதிலிருந்து ஊறிய பயம். சட்டென்று முற்றத்து வேப்பமரத்தின் பக்கம் திரும்பினாள். கையிலிருந்த போனும் கூடவே திரும்பியது. ஊரே வாய்பிளந்து பார்த்ததை விட்டுவிட்டு, மகராசி வேப்பிலையைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள்.

ஐயாதுரை சட்டையை விடாமலே இன்னொரு கையால் போனைப் பிடுங்கி ஓடவிட்டான். மேகம், ஒரு வெளிச்சக் கீற்று, அப்புறம் மரம். வெறும் மரம்.

"மரத்தயா காட்டுத?"

இரண்டு பேர் சிரித்தார்கள். புருஷன் பிழைப்பைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோமே என்று யோகேஸ்வரி போனைத் திரும்ப வாங்கக் கை நீட்டினாள். அணைப்பதற்காக ஐயாதுரை கட்டைவிரலைக் கொண்டுபோனான்.

"ஏட்டி, துண்டு எங்க?"

குரல் போனிலிருந்து வந்தது. விரல் நின்றது. படத்தின் கீழ் ஓரத்தில், மரத்தடித் தண்ணீர்த் தொட்டியருகே, தலை நிறையச் சோப்பு நுரையோடு இருளப்பசாமி குந்தியிருந்தான். "கண்ணு எரியுதுட்டி, தூக்கிப் போடு." துண்டு வரவில்லை. அவள்தான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாளே. கூட்டம் நெருங்கி வந்து எட்டிப் பார்த்தது. இருளப்பசாமி முகத்தைக் கழுவினான், துண்டுக்காக மறுபடி கத்தினான்.

தொம்மென்று ஒரு சத்தம். படம் ஆடியது. நுரையோடு துள்ளியெழுந்த இருளப்பசாமியின் காலில் பட்டுச் செம்பு உருண்டது.

"எவம்லே அவன், இந்நேரத்துல குவாரில வெடி போட்டது?" என்று போனுக்குள் திட்டினான்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஐயாதுரை சட்டையை விட்டான். கசங்கிய இடத்தைத் தானே நீவிவிட்டான்.

"புள்ள கெடந்தாம்லே அங்கன. பயத்துல எனக்கு ஒண்ணும் ஓடல."

யோகேஸ்வரிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"புள்ளையவும் மதினியவும் கூட்டிட்டு இங்க வந்து படுங்கண்ணே. இன்னைக்கு அந்தச் சுவரு பக்கம் போகாதிய."