நனைந்து வந்த படம்

சிலமலையில் பொன்னுமணி வீட்டுச் சுவரிலிருக்கும் மாயக்காள், விடிந்ததும் படத்தை விட்டு இறங்கி, ஜீப்பேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போய்விட்டு, பொழுதடைய மறுபடி சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாள் முழுக்க இருப்பாள். பார்க்க வேண்டியவர்கள் அன்றைக்கு வரலாம்.

உயிரோடிருந்த காலத்தில் அவளை யாரும் போட்டோ பிடித்ததில்லை. மலைப்பாதையில் ஜீப்பு கவிழ்ந்து அவள் செத்தபோது மகள் பொன்னுமணிக்கு முகம் நினைவில் தங்குகிற வயது, மகன் அன்புச்செல்வன் கைக்குழந்தை. அவன் வளர்ந்து போடியில் கடைகளுக்குப் போர்டு எழுதுகிற ஓவியனானான். அக்கா சொல்லச் சொல்ல ஆத்தாளை வரைந்து பார்த்தான். "இது நம்ம ஆத்தா இல்லப்பு" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னாள். அவனுக்குத் தாடி நரைத்ததே தவிர முகம் பிடிபடவில்லை. போன வருஷம் பொன்னுமணி அதே அடையாளங்களைப் போனிடம் சொன்னாள். டீ ஆறுவதற்குள் செயற்கை நுண்ணறிவு ஒரு படத்தைக் கொடுத்தது. பார்த்தவள் ஓவென்று அழுதுவிட்டாள். வலது கையில் ஆறு விரல் இருந்ததை அப்புறம்தான் கவனித்தாள்.

அன்புச்செல்வனுக்கு வயிறெரிந்தது. "மெஷினு துப்புனதெல்லாம் ஒரு படமாக்கா? இதுல எவன் கை வலிச்சிருக்கு? இத மாட்டுனா இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்றான். அவள் பிரிண்டு போட்டு, சட்டமடித்து மாட்டினாள். அவனும் மிதிக்கவில்லை.

மறுநாளே சட்டம் காலி. சாயங்காலம் திரும்பியவளின் விரல்களில் ஏலக்காய்க் கறை. ஆறாவது விரலால் காய் வெரசாக எடுக்கிறாள் என்று கங்காணிக்குத் திருப்தி. ஊர் கொஞ்ச நாள் வாயைப் பிளந்தது. பிறகு ஜீப்பில் அவளுக்கு முன்சீட்டைப் பிடித்து வைத்தது.

ஆடி மழையில்தான் சிக்கல். தொப்பலாக நனைந்து வந்தவளின் கன்னம் கரைய ஆரம்பித்தது. பொன்னுமணி பதறித் தம்பிக்குப் போன் போட்டாள். "அழிஞ்சிருவா போலிருக்கு, வெரசா வாப்பு."

வந்தான். படத்தில் அவள் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தாள். நகங்கள் வெடித்திருந்தன. யார் கை வலித்தது என்று கேட்டவன் அந்த விரல்களையே பார்த்தான். மழைக்குத் தாங்குகிற போர்டு பெயிண்டைத் திறந்து கரைந்த கன்னத்தைத் தொட்டு எழுதினான். இந்தத் தடவை பொன்னுமணி "இல்லப்பு" என்று சொல்லவில்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தலையை மூடி முதுகில் தொங்குகிற மாதிரி ஒரு பாலித்தீன் கொங்காணியும் வரைந்தான். ஆறாவது விரலை அப்படியே விட்டுவிட்டான்.

"நனையாமப் போயிட்டு வா ஆத்தா" என்றான்.

காலையில் சட்டம் காலியாக இருந்தது. கொங்காணியைப் போட்டுக்கொண்டுதான் போயிருந்தாள்.