குழியின் விளிம்பில் நின்ற காய்

இரத்தினேஸ்வரி உப்புவெளியிலிருந்து காலை பஸ்ஸில் வந்து, துறைமுகத்தை நோக்கிய அந்த விளையாட்டுச் சாமான் கடைக்குள் நுழைந்ததும், எவரிடமும் பேசுமுன் செய்து முடிக்கும் காரியங்கள் சில இருந்தன. செருப்பைக் கழற்றிக் கதவோரம் வைப்பாள். கண்ணாடி அலுமாரிக்குப் பின்னே தான் நிற்குமிடத்தில் காட்போட் மட்டையொன்றை மடித்து விரிப்பாள். சீமெந்துத் தரையின் கடினம் குதிக்காலில் ஏறாதிருக்க அவள் கண்ட வழி அது. பின்னர் சதுரங்கப் பெட்டிகளையும், துண்டு துண்டாய்ச் சேர்த்துப் படமாக்கும் பெட்டிகளையும், ஒட்டிப் பொருத்தும் பிளாஸ்ரிக் கப்பல்களையும் தூசி தட்டுவாள். இறுதியாக, கடையின் நடுவே நான்கு காலில் நிற்கும் கரம் பலகையின்மேல் பவுடரைத் தூவி, உள்ளங்கையால் வட்டமாகத் தேய்ப்பாள். கையில் ஒட்டியதைச் சேலைக் கொசுவத்தின் உட்புறத்தில், பிறர் காணாதவாறு துடைத்துக்கொள்வாள். அதன் பின்னரே அன்றைய வேலை ஆரம்பமாகும்.

வருவோர் எல்லாரும் வாங்குவதற்காக வருவதில்லை. அரக்கர் படச் சீட்டுகளின் உறைகளை உள்ளங்கையில் வைத்து நிறை பார்த்து, மினுங்கும் சீட்டு எதனுள் இருக்கிறதென்று ஊகிக்கும் பிள்ளைகள் வருவார்கள். பெட்டியைத் திறந்து விதிமுறை முழுவதையும் விளங்கப்படுத்தச் சொல்லிவிட்டு, "பிறகு வாறம்" என்று போகும் தகப்பன்மாரும் உண்டு. எல்லாருக்கும் அவள் ஒரே முகத்தைக் காட்டினாள். அந்த முகம் முன்னர் புடவைக்கடையில் பழகியது. கூன் விழுந்தவளுக்கும் நிறம் ஒவ்வாதவளுக்கும் "உங்களுக்கெண்டே நெய்த மாதிரி இருக்கு" என்று சொல்லிச் சொல்லியே அவளுடைய இளமை கழிந்திருந்தது.

அவள் அண்ணன் முறையில் "நானா" என்று அழைக்கும் முதலாளி கலீலுர் றஹ்மான் கெட்ட மனிதர் அல்லர். தனியே வரும் வாடிக்கையாளர் கரம் விளையாட ஆசைப்பட்டால், கடை ஆள் எதிரே இருந்து ஓர் ஆட்டம் ஆட வேண்டும் என்பது அவர் வகுத்த வழக்கம். அதனோடு இன்னொன்றையும் அவர் சேர்த்திருந்தார்.

"தங்கச்சி, தோத்துப்போன கஷ்டமர் திரும்பி வர மாட்டாரு. நீங்க புடவ வித்த ஆள்தானே? வடிவா இரிக்கி எண்டு செல்லுற மாதிரித்தான் இதுவும். கொஞ்சமாத் தோத்துக் குடுங்க."

கொஞ்சமாகத் தோற்பது வெல்வதைவிடக் கடினம் என்பதை அவர் அறியார். அண்ணன்மாரோடு மல்லுக்கட்டி வளர்ந்த அவளுடைய விரல்கள், எந்தக் காயை எங்கே அடிக்க வேண்டுமென்பதைத் தாமே அறிந்திருந்தன. அவற்றைத் தடுத்து, காயின் தோளில், வேண்டியதைவிடச் சற்றுத் தடிப்பாக, நடுவை ஒட்டி அடித்து, அது குழியின் விளிம்புவரை ஓடி விழாமல் நிற்கும்படி செய்ய வேண்டும். நின்றதும் "ஐயோ" என்று நெற்றியைத் தொடவும் வேண்டும். மாலையில் பஸ்ஸுக்கு நிற்கையில் அவளுக்குக் கால்களைவிட அந்த "ஐயோ"தான் அதிகமாக வலித்தது. ஒரு முறை மட்டும் அவள் உண்மையாகத் தோற்றாள். துறைமுகத்தில் இழுவைப்படகில் வேலைசெய்யும் நஸ்ரி என்பவன் பவுடர் வாங்க வந்து, போகிற போக்கில் ஆடி, அவளைத் துடைத்தெறிந்துவிட்டுப் போனான். அன்று இரவு அவள் நன்றாக உறங்கினாள்.

அதே இழுவைப்படகில்தான் கிருஷாந்த் என்பவனுக்கும் வேலை. அவன் கிழமைக்கொருமுறை வருவான், வரும்போதெல்லாம் வெல்வான். அந்தச் சனிக்கிழமை பிற்பகலில், எண்ணெய்க் கறை கழுவிய கைகளோடு, முகமெல்லாம் சிரிப்பாக வந்து நின்றான்.

"அக்கா, நாளைக்குத்தான் துறைமுகத்துக் கரம் மெச். எங்கட ஓவர்சியர் ஒற்றையர் ஆட்டத்துக்கு நஸ்ரியைப் போடப் பாத்தவர். நான் விடேல்லை. கடையில ஒருத்தராலையும் என்னை வெல்ல ஏலாது, வேணுமெண்டா போய்க் கேளுங்கோ எண்டு சொல்லிப்போட்டன்."

"அப்ப நஸ்ரித் தம்பி?"

"அவன் பாவம், வாய் திறக்காதவன். சரியெண்டு ஒதுங்கீட்டான். மனுசியும் மகளும் பாக்க வருகினம், அக்கா. மகள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிப்போட்டாள், எங்கட அப்பா தோத்ததே இல்லை எண்டு."

"சாம்பியன் வந்திரிக்காரு!" என்று முதலாளி எழுந்து வந்தார். அலுமாரியிலிருந்து, காய்களைச் சுண்டி அடிக்கும் விலை கூடிய ஸ்ட்ரைக்கர் ஒன்றை எடுத்துக் கிருஷாந்தின் உள்ளங்கையில் வைத்தார். "இத வெச்சு அடிச்சா காய் தானா ஓடும். அடிச்சுப் பாருங்களே."

அவன் காசைக் கொடுத்துவிட்டு அமர்ந்தான். இரத்தினேஸ்வரி எதிரே இருந்தாள்.

தொடக்கத்தில் அவன் ஒரு காயை விழுத்தினான், அடுத்தது தவறியது. அவளுடைய முறை வந்தது. அவளுடைய விரல் பழக்கத்தின்படி காயின் தோளைத் தடிப்பாக நோக்கிச் சென்றது. அந்தக் கணத்தில், தான் ஒருபோதும் கண்டிராத ஒரு சிறுமியின் முகம் அவள் மனத்தில் எழுந்தது. துறைமுகத்து மண்டபத்தில், முன்வரிசைக் கதிரையொன்றில், கால்கள் நிலத்தில் எட்டாமல் ஆட, அந்தப் பிள்ளை தகப்பனையே பார்த்துக்கொண்டிருக்கும்; அவன் தோற்பதையும் பார்க்கும். இரத்தினேஸ்வரி விரலைச் சற்று நகர்த்தினாள். காய் ஓசையின்றி உள்ளே போயிற்று. அடுத்ததும் போயிற்று.

"என்னக்கா, இண்டைக்கு என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கிருஷாந்த் சிரித்தான்.

"புட்டுத்தான் தம்பி."

முதலாளி தொண்டையைச் செருமினார். அவள் சிவப்புக் காயை விழுத்தி, அதைத் தொடர்ந்து தன் காயையும் விழுத்தினாள். முதலாளி இப்போது உரக்கவே இருமினார்.

"தங்கச்சி, உள்ளுக்க ஒரு பார்சல் வந்து கிடக்கு, ஒருக்காப் பாருங்க."

"முடிச்சிட்டுப் பாக்கிறன், நானா."

அவள் முடித்தாள். அவனுடைய காய்கள் பெரும்பாலும் பலகையிலேயே கிடந்தன. கிருஷாந்த் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணினான். சிரிப்பு எப்போது போயிற்றென்று அவளுக்குத் தெரியவில்லை.

"இன்னொண்டு விளையாடுவம்" என்றான்.

விளையாடினார்கள். அதுவும் அவ்வாறே முடிந்தது.

"அப்ப இவ்வளவு நாளும்?"

"ஓம், தம்பி."

"ஏனக்கா?"

முதலாளி இருந்த பக்கம் அவள் திரும்பவில்லை. "அதுவும் என்ர வேலைதான் எண்டு நினைச்சனான்."

"நஸ்ரி?"

"அவர் என்னை வெண்டவர். நான் விட்டுக் குடுக்கேல்லை, அவராத்தான் வெண்டவர்."

அவனுடைய காதுகள் சிவந்திருந்தன. திட்டுவான் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் நல்லதென்றும் தோன்றியது. அவன் எழுந்தான். புதிய ஸ்ட்ரைக்கரைப் பலகையிலேயே விட்டுவிட்டு வெளியே போனான். வீதியைக் கடந்து, துறைமுகத்து மதிலோரம் நின்று, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். அதைக் காதில் வைக்கவில்லை. அப்பால் நீரில் இழுவைப்படகு கட்டுண்டு அசையாமல் கிடந்தது. ஓவர்சியரை அழைக்கப் போகிறானா, மனைவியையா, அன்றி எவரையும் அழையாமலே போய்விடுவானா என்பது கண்ணாடிக்கு இப்பால் நின்ற அவளுக்குத் தெரியவில்லை.

"ஒரு நல்ல கஷ்டமர இல்லாமலாக்கிட்டீங்க" என்றார் முதலாளி. குரலில் கோபத்தைவிடக் களைப்பே மிகுந்திருந்தது. "அந்தாள்ட முகத்தப் பாத்தீங்களா?"

"பாத்தனான், நானா."

"இனி இவரு வரமாட்டாரு. வாற மத்த ஆக்களையும் இப்பிடித்தான் அனுப்பப்போறீங்களா? நான் என்ன செய்யிறது, நீங்களே செல்லுங்க."

இரத்தினேஸ்வரி குழிகளிலிருந்து காய்களை எடுத்து, பலகையின் நடுவே கறுப்பும் வெள்ளையுமாக அடுக்கி, சிவப்பை இடையில் வைத்தாள். அவன் விட்டுச் சென்ற ஸ்ட்ரைக்கரைச் சேலைத் தலைப்பால் துடைத்து, அவன் இருந்த பக்கத்துக் கோட்டின்மேல் வைத்தாள். கையில் பவுடர் வெள்ளையாக ஒட்டியிருந்தது. அதை அவள் துடைக்கவில்லை.

"நிப்பாட்டிறதெண்டா என்னை வேலையால நிப்பாட்டுங்கோ, நானா" என்றாள். "நிண்டா, இனி நான் விட்டுக் குடுத்து விளையாட மாட்டன்."