மாதையன் பல்லில் முதல் பூச்சு

பல் பரிசோதனை முகாம் நடந்த அன்று காலை பள்ளியின் இரண்டாம் வகுப்பறையில் இருந்தவர்கள்: பல் டாக்டர் ஐஸ்வர்யா, ஆசிரியர் நாற்காலியில். மாதையன், ஜன்னலோரப் பெஞ்சில். அவர் மனைவி காவேரி, வாசலை மறித்துக்கொண்டு ஸ்டூலில். மகள் ஜெயபிரியா, மேசைமேல் வாயைத் திறந்தபடி. பெற்றோர் குழுச் செயலாளரான நான், நோட்டுடன் கரும்பலகைக்குக் கீழே.

ஜெயபிரியாவின் நான்கு பற்களில் ஈறை ஒட்டி வெள்ளைத் திட்டுகள். சொத்தையின் ஆரம்பம். இப்போதே ஃப்ளூரைடு பூச்சு தடவினால் பல் தேறலாம். விட்டால் குழி விழும். அதற்குச் சம்மதப் படிவத்தில் பெற்றோர் இருவரும் கையெழுத்திட வேண்டும். காவேரி போட்டுவிட்டாள்.

மாதையன் பழுப்பேறிய தன் பல்லைக் காட்டினார். "போர் தண்ணியில இருந்த ஃப்ளூரைடு பண்ணுன வேலைங்க இது. அதையேவா புள்ளைக்குத் தடவுறீங்க?"

"அது சின்ன வயசுல வருசக்கணக்கா குடிச்சதுங்க. இது மேல தடவுற ஒரு துளி," என்றார் டாக்டர்.

"எங்கக்கா மகளுக்கு ஒண்ணு தடவினாங்க. சொத்தை கரியாட்டம் கறுத்துப்போச்சு."

"அது வேற மருந்துங்க. சொத்தையை நிறுத்தும், கறையும் விடும். இது கறுக்காது. இன்னும் நல்லா ஒட்டற மாதிரி எங்க பல் மருத்துவக் காலேஜ்ல திருத்திக்கிட்டிருக்காங்க. குறை இருந்தா எழுதிக் குடுங்க."

"அப்ப மொதல்ல எனக்குத் தடவுங்க. கறுக்குதான்னு பாத்துட்டுக் கையெழுத்துப் போடறேன்."

"இருக்கற நெறத்துக்குக் கறுத்தா எப்படிங்க தெரியும்?" என்றாள் காவேரி. ஆனாலும் செல்போனில் ஒரு படம் எடுத்துவைத்தாள்.

தடவி முடித்த பிறகே டாக்டர் சொன்னார்: "நாலு மணி நேரத்துக்குச் சூடா எதுவும் குடிக்காதீங்க."

ஒரு நாளைக்கு ஒன்பது டீ குடிப்பவர் மாதையன். "இதை மொதல்லயே சொல்றதில்லைங்களா?"

"நீங்க எங்க சொல்ல வுட்டீங்க," என்றாள் காவேரி.

பதினொரு மணிக்கு டீக்கடைப் பையன் மாது தூக்குவாளியோடு ஜன்னலுக்கு வெளியே நின்றான். "மோந்து மட்டும் பாக்கறீங்களாண்ணா?" மாதையன் ஜன்னலைச் சாத்தினார்.

இரண்டு மணிக்குக் காவேரி டார்ச் அடித்து, படத்தோடு ஒவ்வொரு பல்லாக ஒப்பிட்டாள். "அதே பழுப்புதான். ஒரு சொட்டு கூடலை."

மாதையன் கையெழுத்துப் போட்டார்.

"இதுக்கா இத்தன நேரம்?" என்று ஜெயபிரியா மறுபடி வாயைத் திறந்தாள். இரண்டே நிமிடத்தில் பூச்சு முடிந்தது.

பிறகு கல்லூரிக்கு நான் கடிதம் எழுதினேன். நாக்கில் கோந்துபோல் ஒட்டுகிறது என்ற குறையை மாதையன் சொன்னார். மூன்று மாதத்தில் மறுபூச்சுக்கு டாக்டர் கட்டாயம் வர வேண்டும் என்பதையும் அவரே சேர்க்கச் சொல்லி, அடியில் கோடு போட வைத்தார். உறையை ஒட்டி, முகவரியைச் சரிபார்த்து, புறப்பட்டுக்கொண்டிருந்த முகாம் வேனில் டாக்டர் கையில் கொடுத்தேன்.