துரை இல்லாத காருக்கு இறங்கியவன்

செங்கேணி தன் சைக்கிளைத் துடைக்கிற அழகைப் பார்த்து லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் பூவாயியைச் சீண்டுவார்கள். "என்னடி, ஒன் சக்களத்தியைக் குளிப்பாட்டி முடிச்சிட்டானா?" என்பார்கள். பூவாயியும் சேர்ந்து சிரிப்பாள். டவுனில் சீனன் கடையில் வாங்கிய பழைய வண்டிதான். ஆனால் புக்கிட் லாலான் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்களில் சைக்கிள் வைத்திருந்தவர்கள் நாலைந்து பேருக்கு மேல் இல்லை.

வைத்திருந்து என்ன பிரயோசனம்? பெரிய துரை எதிரே வந்தால் இறங்க வேண்டும். சின்ன துரை வந்தாலும் இறங்க வேண்டும். நம்மைப் போலவே கறுத்த தோலுள்ள, ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி வந்தால்கூட இறங்கி, ஓரமாக நின்று, தலைத்துண்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும். போன வருஷம் ஒருத்தன் ஏதோ யோசனையில் சின்ன துரையைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் விடியற்காலை, பெரட்டில் பேர் கூப்பிடும்போது அத்தனை பேர் பார்க்க அவன் கன்னத்தில் அறை விழுந்தது. அந்த வாரமே பெண்டு பிள்ளைகளோடு அவனைத் தோட்டத்தை விட்டுத் துரத்திவிட்டார்கள். அதிலிருந்து, கார் சத்தம் கேட்டாலே ஆண்களுக்குக் கால் தானாகத் தரையைத் தேடும்.

பூவாயிக்கு முதல் இரண்டும் தங்கவில்லை. இது மூன்றாவது. எட்டு மாத வயிற்றோடு காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால் வாளியைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்துகொண்டிருந்தாள். சுமக்காவிட்டால் அன்றைய சம்பளம் கிடையாதே! ஒருநாள் காலை, மரத்தடியிலேயே இடுப்பு வலி கண்டது. ரத்தமும் பட்டது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் தலைவலிக்கும் பாம்புக்கடிக்கும் ஒரே கலக்கு மருந்து கொடுக்கிற டிரெஸர் அன்றைக்கு மட்டும் உண்மையைச் சொன்னான். "இது எங்கையில இல்லம்மா. இப்பவே டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனா ரெண்டு உசுரும் பொழைக்கும்."

செங்கேணி கிராணியிடம் ஓடி லாரி கேட்டான்.

"லாரி ரப்பர் ஷீட்டு ஏத்தத்தான்டா. பொம்பளைங்களை ஏத்த இல்ல" என்று கிராணி தலையைக்கூட நிமிர்த்தாமல் சொல்லிவிட்டார்.

மிச்சம் இருந்தது சைக்கிள்தான். ஏறுவதற்கு முன் பூவாயி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, நடுவுல எவன் வந்தாலும் எறங்காத. தொரை வந்தாலும் சரி, தொரையைப் பெத்தவன் வந்தாலும் சரி."

"எறங்க மாட்டேன் புள்ள."

"மாரியாத்தா மேல சத்தியம் பண்ணு."

அவள் வயிற்றில் கை வைத்துச் சத்தியம் பண்ணினான். மனசாரத்தான் பண்ணினான், அதில் குறை சொல்ல முடியாது.

டவுனுக்குப் போகிற செம்மண் சடக்கில் பாதித் தூரம் நன்றாகத்தான் ஓட்டினான். அவள் ஒரு பக்கமாக உட்கார்ந்து அவன் இடுப்பு வாரை இறுக்கிப் பிடித்திருந்தாள். அப்போது பின்னால் ஹார்ன் சத்தம் கேட்டது. பெரிய துரையின் கார். அந்த ஹார்னைத் தோட்டத்தில் பிறந்த குழந்தைகூட அடையாளம் சொல்லும். செங்கேணியின் முதுகு விறைத்ததை அவள் கை உணர்ந்தது.

"மாமா, வேணாம்!"

அவன் குதித்துவிட்டான். வண்டி சாய்ந்தது. பூவாயி ஓரத்துக் கருங்கல் ஜல்லியில் வயிறு அடிபட விழுந்தாள். அடப்பாவி, விழுந்தவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே! துண்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்து, தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தான்.

கார் வந்து நின்றது. உள்ளே துரை இல்லை. டிரைவர் மாசிலாமணி மட்டும் இருந்தார். பின்சீட்டில், விரித்த கம்பளியின் மேல் துரையின் நாய் உட்கார்ந்திருந்தது.

"தொரை எங்கண்ணே?" என்றான் செங்கேணி.

"தொரை பங்களாவுல இருக்காரு. நாய்க்குக் காதுல சீழு வடியுது, டவுன்ல டாக்டர்கிட்ட காட்டச் சொன்னாரு." மாசிலாமணி கீழே கிடந்தவளைப் பார்த்தார். "அட கடவுளே! நீ எதுக்குய்யா எறங்குன?"

பூவாயிதான் தரையிலிருந்து கையை நீட்டினாள். "அண்ணே, என்னை ஏத்திக்கிட்டுப் போண்ணே. கீழயே உக்காந்துக்கிறேன்."

மாசிலாமணியின் கை கதவு வரைக்கும் போனது. அவள் சேலையில் ஊறியிருந்த ரத்தத்தைப் பார்த்ததும் திரும்பி வந்துவிட்டது. "சீட்டுல கறை பட்டா எம்பொழப்பு போயிடும் தங்கச்சி. எனக்கும் புள்ளைகுட்டி இருக்கு" என்றார். அழுதுகொண்டேதான் சொன்னார். ஆனாலும் போய்விட்டார்.

வெகு நேரம் கழித்து ஒரு சீனரின் காய்கறி லாரி வந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. கூடைகளை ஒதுக்கி, சாக்கு விரித்து, அவளைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரியில் கொண்டு இறக்கினார். ஆண் குழந்தை. அழவே இல்லை.

வீடு திரும்பிய பிறகு பூவாயி அவனைத் திட்டவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், பேச்சை மட்டும் நிறுத்திவிட்டாள். செங்கேணி சுவரில் முட்டிக்கொண்டு அழுதான்.

"ஒரு நாளைக்கு அந்தத் தொரை மூஞ்சிக்கு முன்னாலயே ஓட்டிக் காட்டுறேனா இல்லையா பாரு. அப்பறம் என்னைத் தொரத்துனாத் தொரத்தட்டும்!"

அவள் அன்றைக்குத்தான் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான், மார்பில் கட்டிய பாலுக்குத் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு, பச்சை உடம்போடு மறுபடி வேலைக்குப் போனாள்.

இந்தக் கதை மாசிலாமணியின் வாய் வழியாகக் கிராணிக்குப் போனது. கிராணி வழியாகத் துரைக்குப் போனது. குழந்தை செத்தது போகிற வழியில் எங்கேயோ உதிர்ந்துவிட்டது. துரையிடம் போய்ச் சேர்ந்தது, நாய் மட்டும் போன தன் காருக்குக்கூட ஒரு கூலி இறங்கி நின்றான் என்பது மட்டும்தான்.

ஒருநாள் துரையே பெரட்டுக்கு வந்தார். செங்கேணியை முன்னால் கூப்பிட்டார்.

"நீ நல்ல ஆள். என் நாய்க்கும் மரியாதை குடுக்குறே" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிச் சிரித்தார். "இனிமே நீ மண்டோர். இந்த ஆள் எல்லாம் நீ மேய்க்கணும்."

கிராணி சிரித்தார். ஆட்களில் சிலரும் சிரித்தார்கள். பெண்கள் வரிசையில் பூவாயி நின்றிருந்தாள். சொல்லுய்யா, வேண்டாம்னு சொல்லு, என்று மனசுக்குள் அடித்துக்கொண்டாள்.

செங்கேணி கைகூப்பினான். "தொரை மகராசனா இருக்கணும்."

பூவாயி வரிசையை விட்டு வெளியே வந்தாள். வாளியையும் பால் வெட்டும் உளியையும் தரையில் வைத்தாள். ஸ்டாண்டு போட்டு நின்ற சைக்கிளின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஏய், என்னடி இது!" என்று கிராணி கத்தினார். அவள் காதில் வாங்கவில்லை.

"ஓட்டு மாமா" என்றாள். "தொரைக்கு முன்னால ஓட்டிக்கிட்டுப் போ. நம்ம புள்ளைக்கு நீ செய்ய வேண்டியது இனிமே இது ஒண்ணுதான்."

துரை கிராணியைப் பார்த்தார். கிராணி மொழிபெயர்க்கவில்லை. செங்கேணி வந்தான். ஸ்டாண்டைத் தட்டிவிட்டான். ஒரு காலைத் தூக்கிப் பெடலில் வைத்தான். பூவாயி அன்றைக்குப் பிடித்த மாதிரியே அவன் இடுப்பு வாரைப் பிடித்துக்கொண்டாள்.

பெடலில் இருந்த கால் கீழே இறங்கியது. செங்கேணி தலைத்துண்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தான். குனிந்த தலையோடு, அவள் உட்கார்ந்திருக்க, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே துரையைக் கடந்து நடந்தான்.

"நல்லா இருக்கு!" என்று துரை கைதட்டினார்.

"நிறுத்து" என்றாள் பூவாயி.

இந்தத் தடவை அவளாகவே இறங்கினாள். திரும்பிப் போய் வாளியையும் உளியையும் எடுத்துக்கொண்டு தன் மரங்களைப் பார்த்து நடந்தாள். மண்டோர் செங்கேணி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.