அடியைப் பார்த்து வாங்கிய சோபா

பவுலினா அம்மாவின் தோள்களைப் பிடித்தாள். மாக்கிறட் மாமி கால்களைப் பிடித்தாள். சோபாவிலிருந்து தூக்கி, நடுவீட்டில் வெள்ளை விரித்திருந்த வாங்குப் பலகையில் கிடத்தினார்கள். மாதக்கணக்காக உட்கார்ந்தபடியே தூங்கிய உடம்பு நீட்டிப் படுக்கச் சம்மதிக்கவில்லை. முழங்கால்களை மெல்ல மெல்ல அமுக்கித்தான் நேராக்க வேண்டியிருந்தது.

"இனியாவது நல்லாப் படுங்க மச்சாள்," என்று மாமி மூக்கைச் சிந்தினாள். பிறகு வெறுமையாகக் கிடந்த சோபாவைத் திரும்பிப் பார்த்தாள். "அடக்கம் முடிஞ்சு வந்த உடன இத கடற்கரைக்குத் தூக்கோணும்."

பவுலினா மாமியை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கரையில் உயிர் போன பாயையும் தலையணையையும் யாரும் வீட்டில் வைப்பதில்லை. அடக்கத்துக்குப் பிறகு, வீடு கழுவுவதற்கு முன், கடற்கரையில் போட்டு எரித்துவிடுவார்கள். அதற்காக ஒருவரும் வருந்தியது கிடையாது. அங்கே எல்லோரும் பாயில்தான் செத்தார்கள். சோபாவில் செத்தது பவுலினாவின் அம்மா பாக்கியம்மா ஒருத்திதான்.

மாரி தொடங்கிய நாளில் பாக்கியம்மாவுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. படுத்தால் கடலுக்குள் அமுக்கிப் பிடித்த மாதிரி இருக்கிறது என்றாள். இனிப் படுக்காதே, இருந்தபடி தூங்கு என்று மருந்து கொடுக்கும் புத்தளத்து அப்போத்திக்கரி சொல்லிவிட்டார்.

"ஒரு சாய்மனைக் கதிரை போதுமே," என்றார் யாகப்பு. பவுலினாவின் அப்பாவுக்கு வள்ளத்தையும் வலையையும் விட்டால் வேறெதையும் வாங்கிப் பழக்கமில்லை.

"கதிரையில தனிய இருந்தா நோயாளி. சோபாவில இருந்தா பக்கத்தில இன்னொரு ஆள் வந்து இருக்கும்," என்றாள் பாக்கியம்மா. "நான் நோயாளியா இருக்க மாட்டன்."

புத்தளத்தில் தாஹிர் நானாவின் தளபாடக் கடைக்குப் பவுலினாவோடு மாக்கிறட் மாமியையும் கூட்டிப் போனாள். எதற்கென்று மாமிக்குத் தெரியாது. கரையிலேயே பெரிய உடம்பு மாமிக்கு. அவள் ஏறினால் வள்ளத்தில் ஒரு கூடை மீனைக் குறைப்பார்கள்.

கடையின் முன்னால் சிவப்பு வெல்வெட்டுச் சோபா ஒன்று பளபளத்தது. பவுலினா அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றாள். அம்மா அதை ஒருமுறை மோந்துவிட்டுத் தள்ளிப் போனாள். "உப்புக் காத்து குடிச்சா இது ரெண்டு மாரியில ஈரச் சாக்கு." மூலையில் கிடந்த தடித்த பச்சைத் துணிச் சோபாவின் முன்னால் நின்றாள்.

"நானா, இதக் கவுத்துக் காட்டுங்க."

"என்ன தங்கச்சி, வள்ளமா வாங்குறீங்க, அடியப் பாக்க?"

"ஓம். அடியப் பாக்காம நான் ஒண்டும் வாங்குறல்ல."

தாஹிர் நானா சிரித்துக்கொண்டே கவிழ்த்தார். பாக்கியம்மா தரையில் குந்தி, பட்டிகளை இழுத்துப் பார்த்தாள், ஸ்பிரிங்குகளைக் கட்டியிருந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக நெரித்துப் பார்த்தாள், தேங்காய்த் தும்புக்குள் விரலை விட்டாள். ஆணி இரும்பா பித்தளையா என்று நகத்தால் சுரண்டினாள். பிறகு எழும்பி, மூச்சு வாங்க, "மாக்கிறட், வந்து இரு," என்றாள்.

"நானோ மச்சாள்?"

"மெல்ல இல்ல. விழு."

மாமி விழுந்தாள். கடையில் இருந்தவர்கள் எல்லோரும், வாசலில் நின்ற யாகப்புவும், காதைக் கொடுத்தார்கள். சோபா ஒரு சத்தம் போடவில்லை.

"இதுக்குத்தான் என்னக் கூட்டி வந்தியளோ மச்சாள்!" என்று மாமி கத்த, தாஹிர் நானா கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். "தங்கச்சி, இது உங்கட காலத்துக்கும் நிக்கும்."

"என்ட காலம் என்ன காலம்! என்ட மகள்ட மகள் இதில இருந்து பிள்ளைக்குப் பால் குடுக்கோணும். இருந்த இடம் குழி விழப்படாது."

"விழாது. உலகச் சண்டைக்கு முந்தி வந்த ஸ்பிரிங். இப்ப கொழும்பில தேடினாலும் இல்ல."

இரண்டு வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி, நடுவில் சோபாவை ஏற்றிக்கொண்டு களப்புத் தண்ணீரைத் தாண்டினார்கள். பாக்கியம்மா அதிலேயே உட்கார்ந்து வந்தாள். எதிரே வந்த வள்ளங்களில் ஆட்கள் துடுப்பைத் தூக்கிக் கூக்குரலிட்டார்கள். "எங்க ராணியம்மா ஊர்கோலம்?" என்று ஒருவன் கத்தினான். அவள் கையைக் கூட அசைக்கவில்லை. தலையை நிமிர்த்திக்கொண்டு கரையைப் பார்த்தபடி இருந்தாள். முக்காட்டைக் காற்று பிடுங்கியது. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்டு வலித்தார். அவர் சிரிப்பை அடக்குகிறார் என்று பவுலினாவுக்குத் தெரிந்தது.

சாகுமுன் எண்ணெய் பூசி அவஸ்தை கொடுக்க வந்த கோயில் சுவாமி சோபாவின் நுனியில்தான் உட்கார்ந்தார். "சாஞ்சு இருங்க சுவாமி, பயப்படாதீங்க, முறியாது," என்றாள் அம்மா. அன்று அவள் சேர்ந்தாற்போல் பேசிய கடைசிப் பேச்சு அது.

அடக்கம் முடிந்து திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. வீடு கழுவத் தண்ணீர்க் குடங்கள் முற்றத்தில் காத்திருந்தன. மாமியின் மகன்மார் நாலு பேர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள். பவுலினா அவர்களுக்கு முன்னே ஓடிப்போய் சோபாவின் நடுவில் உட்கார்ந்தாள்.

"எழும்பு பிள்ள," என்றாள் மாமி.

"மாட்டன்."

"உசிர் போன இடம். கன்னிப் பிள்ள இருக்கிற வீடு. நாளைக்கு உன்னப் பொண் கேட்டு யாரும் வருவாங்களா? வந்தாலும் இதிலயா இருத்துவ?"

"ஓம், இதிலதான் இருத்துவன்." அவள் இரண்டு கையாலும் மெத்தையைப் பிடித்துக்கொண்டாள். "எரிக்கிறதுக்கு இல்ல மாமி அம்மா இத வாங்கினவ. நீங்களும் கேட்டுக்கொண்டுதானே நிண்டீங்க?"

"கேட்டன். அதுக்காக வழக்கத்த விட ஏலுமா?"

மாமி வாசலில் நின்ற அப்பாவைப் பார்த்தாள். "அண்ணன், நீங்க சொல்லுங்க."

யாகப்பு கால்களைக் கழுவிவிட்டு உள்ளே வந்தார். மண் ஒட்டிய கைகளைச் சாரத்தில் துடைத்தார். இத்தனை மாதத்தில் அவர் ஒரு நாளும் அந்தச் சோபாவில் உட்கார்ந்ததில்லை. பாக்கியம்மா கூப்பிடும்போதெல்லாம், உடம்பெல்லாம் மீன் செதில் என்று சொல்லித் தரையில்தான் இருப்பார்.

அவர் வந்து மகளுக்கு ஒரு பக்கத்தில் உட்கார்ந்தார். பாக்கியம்மாவின் மூலையில் இல்லை, மற்ற மூலையில். முதுகைச் சாய்த்தார்.

"மாக்கிறட்," என்றார். "வந்து இரு."

"அண்ணன்..."

"மெல்ல இல்ல. விழு."

மாமியின் வாய் கோணியது. அழப்போகிறாளா சிரிக்கப்போகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. வந்தாள். விழுந்தாள். மகன்மார் நாலு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். சோபா ஒரு சத்தம் போடவில்லை.

"அண்டைக்கும் இப்பிடித்தான்," என்று மாமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "சனியன், ஒரு முனகல்கூட இல்ல."

"பாய எடுத்துக்கொண்டு போங்கடா," என்றார் யாகப்பு. பாக்கியம்மா கால் நீட்டிக்கொள்ளச் சோபாவுக்குக் கீழே விரித்திருந்த பாய். பொடியன்கள் அதைச் சுருட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனார்கள்.

கோப்பி குடிக்க எல்லோரும் முற்றத்துக்கு எழும்பிப் போன பிறகு, பவுலினா அம்மாவின் மூலைக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள். மாரி முழுதும், பனிக் காலம் முழுதும், இரவும் பகலும் அம்மா இருந்த இடம். அம்மா கேட்டபடியே ஒரு குழி இல்லை. பச்சைத் துணி மற்ற இடத்தைப் போலவே நிமிர்ந்து, புதிதாகக் கிடந்தது.

பவுலினா உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். எடுத்தாள். துணி மெல்ல மேலே வந்தது. மறுபடி, இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்தினாள்.