வெடிக்காத பிரேக் குழாய்

1

2023 பிப்ரவரி 7, செவ்வாய்க்கிழமை. கனடாவில் நியூ பிரன்ஸ்விக்கின் வடகரையிலுள்ள பெத்தித்-ஆன்ஸ் என்ற சிற்றூர். காலை ஒன்பது மணிக்கு மைனஸ் இரண்டு டிகிரி. அதற்கு முந்தைய ஒன்பது நாட்களும் மைனஸ் இருபதுக்குக் கீழே. மாரியெல் சவுவாவின் கார் கழுவும் கடை வாசலில் பதினான்கு வண்டிகள் நின்றன.

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இரண்டு பெண்களுக்கு நான் நன்றி சொல்ல வேண்டியிருந்தது. நேரில் போய்ச் சொன்னேன். ஒருத்தி, "சரி சரி, கதவைச் சாத்துங்க, குளிர் உள்ள வருது" என்றாள். இன்னொருவர் கார் வானொலியின் சத்தத்தைக் கூட்டினார். அதனால் எழுதுகிறேன்.

சிக்கல் என்னவென்றால், அவர்கள் செய்த காரியத்தின் பலன் ஒன்றும் நடக்காமல் போனதுதான். ஒன்றும் நடக்காததைக் கதையாக எழுதுவது எப்படி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. உடன் வாருங்கள், பார்க்கலாம்.

2

முதல் தொடக்கம்: "வெண்பனி போர்த்திய சாலையில் அந்தச் சிவப்புக் கார்..."

[விட்டுவிட்டேன். பிப்ரவரியில் இந்தச் சாலை எதுவும் வெள்ளையாக இருப்பதில்லை. உப்பும் மணலும் கரைந்து, ஆறிப்போன காப்பியின் நிறத்தில் இருக்கும். காரும் சிவப்பில்லை. அடியில் இருந்த நிறம் எனக்கே மறந்துவிட்டிருந்தது.]

இரண்டாவது தொடக்கம்: "உப்பு இரும்பை உள்ளிருந்து தின்கிறது, மனித உடலில் எப்படி..."

[இங்கே என் சிறுநீரகங்களை உவமையாகக் கொண்டுவரப் பார்த்தேன். வேண்டாம். அவை ஆறு ஆண்டுகளுக்கு முன் வேலை செய்வதை நிறுத்திவிட்டன. இது வெறும் தகவல்.]

மூன்றாவது தொடக்கத்தில் ஆட்களை மட்டும் சொல்கிறேன். ஒதிலா தெரியோவுக்கு அறுபத்தெட்டு வயது. முப்பத்தோரு வருடம் இந்த ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். நான்கு ஆண்டுகளாக வாரம் மூன்று நாள் என்னைத் தன் காரில் அறுபத்தெட்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள மருத்துவமனைக்கு டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறார். உறவு ஏதுமில்லை. பக்கத்து வீடு, அவ்வளவுதான். மாரியெலுக்கு நாற்பத்தொன்று. அந்தப் பேருந்தில் ஏறி வளர்ந்தவள். ஒதிலாவை 'அத்தே' என்றுதான் கூப்பிடுவாள்.

3

கடுங்குளிரில் யாரும் வண்டி கழுவ மாட்டார்கள். கழுவினால் கதவு உறைந்து ஒட்டிக்கொள்ளும். குளிர் சற்றுத் தணிந்த முதல் நாள் ஊரே கடை வாசலுக்கு வந்துவிடும், ஏனென்றால் உப்பு வேகமாகத் தின்னத் தொடங்குவதும் அந்த ஈரத்தில்தான்.* மாரியெலுக்கு அந்த மாதத்தின் வியாபாரமே அந்த ஒரு நாளில்தான்.

* ஒதிலாவுக்கு இது பொருந்தாது என்பது ஒதிலாவின் கட்சி. அவர் ஆண்டுதோறும் அக்டோபரில் வண்டியின் அடிப்பக்கம் முழுக்கத் துருக்காப்பு எண்ணெய் அடித்துவிட்டு, நேராக மண்சாலையில் ஆறு கிலோமீட்டர் ஓட்டுவார். புழுதி எண்ணெயில் ஒட்டிக் கெட்டியான மேலுறை ஆகிவிடும். இந்தப் பக்கத்தில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். மேலுறைக்கு அடியில் என்ன நடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பார்க்க முடியாது.

எங்கள் முறை வந்தபோது மணி பத்தரை. மாரியெல் வண்டியைச் சாய்மேடையில் ஏற்றச் சொல்லி, நீண்ட குழலால் அடிப்பக்கத்தில் வெந்நீரைப் பீய்ச்சினாள். பதினோரு ஆண்டுப் புழுதியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. அவள் தண்ணீரை நிறுத்தி, டார்ச்சோடு குனிந்து, நெடுநேரம் பார்த்தாள், விரலால் தடவினாள்.

"அத்தே, இஞ்சின அணைங்க. சாவியக் குடுங்க."

"எதுக்குடி?"

"குடுங்களேன்."

ஒதிலா கொடுத்துவிட்டார். மாரியெல் அதைச் சட்டைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"பின்சக்கரத்துக்குப் போற பிரேக் குழாய் அரிச்சுப் போயிருக்கு. கிளிப் புடிச்சிருக்கிற எடத்துல செதில் செதிலா நிக்குது. ஈரமா வேற இருக்கு."

"தண்ணி அடிச்சா ஈரமாத்தான் இருக்கும்."

"வழுவழுன்னு இருக்கு அத்தே."

"எண்ணெய் அடிச்ச வண்டிடி அது! வழுவழுன்னு இல்லாம சொரசொரன்னா இருக்கும்?"

[எழுத்தாளனாகச் சொல்கிறேன்: இந்த வாதத்தில் ஒதிலாவின் பக்கம் நியாயம் இருந்தது. விரலில் இருந்தது தண்ணீரா, எண்ணெயா, பிரேக் திரவமா என்று அங்கிருந்த யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. மாரியெல் மோந்து பார்த்தாள். சோப்பு வாசனைதான் வந்தது என்று பிற்பாடு ஒப்புக்கொண்டாள்.]

"நீ வண்டி கழுவுறவ. மெக்கானிக் இல்ல."

"ஆமா. அதான் தோனா பாக்கட்டும்ங்கறேன்."

"தோனா நாளைக்குத்தான் கடை தெறப்பான். இவருக்குப் பன்னெண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில டயாலிசிஸ் நாற்காலி. சனிக்கிழமை ரத்தம் சுத்தம் பண்ணினது. இன்னிக்கு விட்டா என்ன ஆகும்னு தெரியுமா ஒனக்கு? ஆளோட மூஞ்சியப் பாரு, இப்பவே ஊதிக் கெடக்கு."

"பாத்தேன். போற வழியில அந்த ஆத்துச் சரிவுல இவரையும் வச்சுக்கிட்டுத்தான எறங்குவீங்க?"

"முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினவகிட்ட சரிவப் பத்திப் பேசுறியா? மூணாங்கிளாஸ்ல என் பஸ்ஸுல வாந்தி எடுத்தவதான நீ!"

"எடுத்தேன். சாவி தரமாட்டேன்."

வரிசையில் அடுத்து நின்ற வண்டிக்காரர் கண்ணாடியை இறக்கினார். "மாரியெல், குடும்பச் சண்டைய ஞாயித்துக்கிழமைக்கு வச்சுக்கக் கூடாதா?"

அப்போது நான் என்ன சொன்னேன்? முந்தைய வரைவில் நிதானமாக ஒரு நல்ல வாக்கியம் சொல்லியிருந்தேன். அதை அடித்துவிட்டேன். உண்மையில் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. எதற்கு அதிகப் பயம், குழாய் வெடிப்பதற்கா நாற்காலி தவறிப்போவதற்கா என்று கேட்டால், நாற்காலிக்குத்தான்.

4

மாரியெல் ஏன் அப்படிச் செய்தாள்? ஒரு பாத்திரத்துக்குக் காரணம் வேண்டும் என்று அவளுக்கு ஒரு தந்தையைச் சாகடித்தேன். பனிக்காலம், பிரேக் பிடிக்கவில்லை, மரம். இரண்டு பக்கம் வந்தது. ஆனால் அவள் தந்தை நலமாக இருக்கிறார். வாரந்தோறும் என்னோடு சீட்டாடுகிறார், ஏமாற்றவும் செய்கிறார். இரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டு அவளிடமே கேட்டேன்.

"பாக்காம இருந்திருந்தா பரவால்ல," என்றாள். "பாத்துட்டேன். அப்புறம் என்ன பண்றது?"

இதைவிடப் பெரிய காரணம் என்னிடம் இல்லை.

அவள் செய்தது இதுதான். கடைக்குள் போய்த் தன் பிக்கப் வண்டியின் சாவியை எடுத்துவந்து ஒதிலாவிடம் நீட்டினாள். ஒதிலா வாங்கவில்லை. "திருடிகிட்ட நான் கைநீட்டி எதுவும் வாங்க மாட்டேன்." மாரியெல் வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் இருபதைத் தாண்டியிருந்தது.

"கேளுங்க! நான் கெளம்புறேன். கொழாய் அங்க இருக்கு, சோப்பு இங்க இருக்கு. அவங்கவங்க கழுவிக்குங்க. கழுவினப்புறம் கதவு ரப்பரத் தொடைக்க மறந்துடாதீங்க. யாரும் கைபிரேக் போட்டுட்டுப் போகாதீங்க, உறஞ்சு புடிச்சுக்கும்!"

பிக்கப்பின் முன்னிருக்கையில் மூவரும் நெருக்கி உட்கார்ந்தோம். ஒதிலா நடுவில். ஆற்றுச் சரிவு வந்ததும் ஒதிலா சாலையைப் பார்த்தபடியே, "கியர எறக்கு" என்றார். மாரியெல் இறக்கினாள்.

பன்னிரண்டு இருபதுக்கு நான் நாற்காலியில் இருந்தேன். செவிலிப் பெண் ஊசியைச் செருகியபோது அழுகை வந்தது. வலியால் அல்ல. நான்கு மணி நேரமும் அந்த இருவரும் வண்டி நிறுத்துமிடத்தில், ஒரே பிக்கப்பில், ஒரு வார்த்தை பேசாமல் காத்திருந்தார்கள்.

(திரும்பி வந்தபோது வரிசை காலியாகியிருந்தது. கடையின் தரை துடைத்து, குழாய்கள் உறையாதபடி தண்ணீரை வடித்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போயிருந்தார்கள். யார் என்று கேட்டு ஊரெல்லாம் அலைந்தேன். ஆளுக்கு ஆள் அடுத்தவரைக் காட்டினார்கள். அவர்களுக்கும் இதிலேயே நன்றி.)

5

இப்போது முடிவு. மறுநாள் மெக்கானிக் தோனா பழைய குழாயை வெட்டி எடுத்துவிட்டுப் புதியது போட்டார். நான் போய்ச் சேர்வதற்குள் பழையது கழிவு இரும்புத் தொட்டிக்குப் போய்விட்டது.

"அது வெடிச்சிருக்குமா?"

"அரிச்ச கொழாய்தான்."

"எப்போ வெடிச்சிருக்கும்?"

"அன்னிக்கே இருக்கலாம். ஏப்ரல்ல இருக்கலாம். அதுக்கு முன்னாடி வண்டியே கழிவுக்குப் போயிருக்கலாம். நான் என்ன ஜோசியனா?"

ஆகவே இரண்டு முடிவுகள் எழுதினேன். முதலாவதில், ஆற்றுச் சரிவில் ஒதிலா மிதிக்கிறார், மிதி தரைவரை இறங்குகிறது. இரண்டாவதில், நாங்கள் மூன்று மாதம் அதே குழாயோடு போய்வருகிறோம், ஒன்றும் ஆகவில்லை. தனித்தனியாக இருவரிடமும் படித்துக் காட்டினேன்.

"மொதலாவதையே போடுங்க," என்றாள் மாரியெல். "கடைக்கும் நல்லது."

"ரெண்டாவது," என்றார் ஒதிலா. "மிதி இறங்கினா என் காலுக்குத் தெரியாதா? பொய் எழுதி என்னை ஆத்துல தள்ளிடாதீங்க. அப்புறம், நான் அப்படிக் கத்தவே இல்ல."

எனக்கு இரண்டும் வேண்டாம். குழாய் அன்றே வெடித்திருக்கும் என்றால் மாரியெலுக்கு என் உயிரைக் கடன்பட்டவன் ஆவேன். வெடித்திருக்காது என்றால், வீணாகத் தன் ஒரு நாளை எனக்குக் கொடுத்தாள் என்றாகும். எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் என் நன்றியின் அளவு மாறவில்லை. ஆகவே நான் தேர்ந்தெடுக்கப் போவதில்லை. நீங்கள் வேண்டியதை வைத்துக்கொள்ளுங்கள். ஒதிலாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

நடந்தவை இவை. வண்டி ஓடுகிறது. செவ்வாய், வியாழன், சனி நான் டயாலிசிஸுக்குப் போகிறேன். ஒதிலா ஓட்டுகிறார். அவரும் மாரியெலும் இன்னும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் வண்டி அங்கேதான் கழுவப்படுகிறது. அடுத்த கடைக்கு நாற்பது கிலோமீட்டர் போக வேண்டும் என்கிறார் ஒதிலா. உண்மையில் ஒன்பது கிலோமீட்டர்தான்.