சஹனுக்குள் பூக்கோவா

1.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் சமையலறையில் பழுதாய்ப்போன ஒரு சட்டியிலிருந்து பிறந்தது. எனக்குச் சீனி வருத்தம். சோறு, பாண், கிழங்கு எல்லாவற்றையும் குறைக்கச் சொல்லி டொக்டர் துண்டில் எழுதித் தந்துவிட்டார். கைப்பேசியைத் தட்டித் தேடினேன். உருளைக்கிழங்குக்குப் பதிலாகப் பூக்கோவாவை, அதாவது காலிஃபிளவரை, மசித்தால் பட்டர் மாதிரி வழுவழுவென்று வரும் என்று ஒரு குறிப்பு அடித்துச் சொன்னது. நம்பிச் செய்தேன். நோன்புக் கஞ்சியைவிடத் தண்ணியாக வந்தது.

வெட்கம் தாங்காமல் அந்தச் சட்டியைத் தூக்கிக் கைருன்னிசா என்ற பெண்ணின் தலையில் கட்டிவிட்டேன். எழுதுகிறவனுக்கு உள்ள ஒரே வசதி அதுதான்.

2.

மன்னார்த் தீவின் காற்று அன்று காலையில்

(வேண்டாம். காற்றில் தொடங்கிய என் கதை எதுவும் மூன்றாம் பக்கம் தாண்டியதில்லை.)

வாசலில் ஒரு கழுதை

(மன்னார் என்றதும் கழுதையைத் தேடுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஒன்று வரும். கொஞ்சம் பொறுங்கள்.)

"நான் சஹனில* இருக்கமாட்டன்," என்றார் சனூன்.

இது சரி. ஆள் வாயைத் திறந்துவிட்டார். இனி நானே நினைத்தாலும் கதையை நிறுத்த முடியாது.

* சஹன் என்றால் பெரிய வட்டத் தட்டு. நடுவில் பிரியாணிக் குவியல், மேலே கோழி, ஓரத்தில் அச்சாறு. ஆறு பேர் சுற்றியிருந்து அந்த ஒரே தட்டில் உண்பது எங்கள் முஸ்லிம் வீட்டு விருந்தின் முறை. அவரவர் தன் முன்னால் இருப்பதைத்தான் அள்ள வேண்டும். இதை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

3.

எருக்கலம்பிட்டியில், மகள் ஷிஹானாவின் கலியாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கையில் சனூன் இப்படிச் சொன்னார். மனைவி கைருன்னிசா கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"சம்பந்தி கலந்தர் சிலாவத்துறையில இருந்து வாறார். அவரோட இருக்காம எங்க இருக்கப் போறீங்க?"

"நான் சமையல்காரங்களப் பாத்துக்கொள்றன். என்ட இடத்தில தம்பி அஸ்மி இருக்கட்டும்."

"மகளின்ட கலியாணத்தில வாப்பா அடுப்படியிலயா? நல்லா இருக்கு!"

"சஹனில இருந்துகொண்டு கையைக் கட்டினா அவருக்கு மரியாதையில்ல. அள்ளித் திண்டா எனக்கு ஆஸ்பத்திரி. நான் என்ன செய்யிறது, சொல்லும் பாப்பம்?"

சொன்னது பொய்யில்லை. போன பெருநாளில் மச்சான் வீட்டுச் சஹனில் கூச்சத்துக்காக அள்ளி அள்ளித் தின்றுவிட்டு, சீனி ஏறி மூன்று நாள் வார்டில் கிடந்தவர் அவர். அதற்குப் பிறகு எந்த விருந்துக்கும் போகவில்லை. கூப்பிட வருகிறவர்களிடம் வயிறு சரியில்லை என்பார். முன்பெல்லாம் சனூன் சஹனில் இருந்தால் அவருடைய சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்கும். எட்டு மாதமாக அந்தச் சிரிப்பை வீட்டில் யாரும் கேட்கவில்லை.

கைருன்னிசாவின் கண்கள் கலங்கின

(முதல் வரைவில் இப்படி எழுதினேன். அவள் கலங்க மறுத்துவிட்டாள். நான் இரண்டு முறை எழுதினேன், இரண்டு முறையும் அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு எழும்பிவிட்டாள். எனக்குக் கோபம்தான். ஆனால் அவளுக்கு வேலை இருந்தது.)

4.

அவள் நேரே கிளினிக்குக்குப் போனாள். அங்கே நேர்ஸ் பெற்றிசியா மிஸ்ஸி இருக்கிறார், வங்காலைக்காரி, வாய் நிறையப் பேசுகிறவர். கைருன்னிசா சொன்னதைக் கேட்டுவிட்டு, "பூக்கோவாவை மசிச்சுக் குடுங்கோக்கா, மாச்சத்துக் குறைவு, கோழியோட நல்லாப் போகும்," என்றார்.

அன்றே ஒரு பூக்கோவா வந்தது. மலைநாட்டிலிருந்து லொறியில் குலுங்கிக் குலுங்கி வந்த களைப்பு அதன் முகத்தில் தெரிந்தது. கைருன்னிசா இலைகளை முறித்து வாசலில் போட்டாள். கழுதை வந்து தின்றது. (வந்துவிட்டதல்லவா? இனி யாரும் முறைப்பாடு செய்யக்கூடாது.) பூவைத் துண்டாக்கி, தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து, கடைந்தாள்.

என் சட்டியில் வந்ததேதான் அவளுக்கும் வந்தது. சனூன் எட்டிப் பார்த்தார்.

"என்ன புள்ள, நோன்பு முடிஞ்சு எவ்வளவு நாளாச்சு, இப்பபோய்க் கஞ்சி காய்ச்சியிருக்கிறீர்?"

அவளுக்கு வந்த ஆத்திரத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்த ஆத்திரத்தோடே மிஸ்ஸிக்குப் போன் எடுத்தாள்.

"ஐயோ அக்கா, தண்ணியில அவிச்சனீங்களா? அந்தப் பூ முழுக்கத் தண்ணி குடிக்கும். ஆவியில வேக வையுங்கோ. வெந்தாப் பிறகு துணியில கட்டிப் பிழியுங்கோ, சொட்டுத் தண்ணி இருக்கக்கூடாது."

பிழிவதா! தினமும் தேங்காய்ப்பால் பிழிகிற கைருன்னிசாவுக்கு அதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. இன்னொரு பூவை வாங்கி இடியப்பச் சட்டியில் ஆவி கட்டினாள். கத்தி வைத்ததும் பூ தானாக விழுகிற பதம் வந்ததும் இறக்கி, வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டி, இரண்டு கையாலும் முறுக்கினாள். அவ்வளவு பெரிய பூவிலிருந்து ஒரு கோப்பைத் தண்ணீர் இறங்கியது. பட்டரில் வதக்கிய உள்ளிப்பூண்டு, இரண்டு முக்கோணச் சீஸ், இரண்டே கரண்டி கெட்டித் தேங்காய்ப்பால், உப்பு, மிளகு. கிரைண்டரில் ஒரு சுற்று, நிறுத்தி வழித்து இன்னொரு சுற்று.

கரண்டியைத் தூக்கினாள். விழவில்லை. குன்று மாதிரி நின்றது, மேலே ஒரு மினுக்கம். ஷிஹானா வந்து விரலால் தொட்டு நக்கினாள்.

"உம்மா, இது கிழங்குதானே?"

"வாப்பாட்டச் சொல்லாத."

"சொல்லமாட்டன். இன்னும் கொஞ்சம் தாங்கோ." மணப்பெண் அரைவாசிக் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுத்தான் போனாள்.

(இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு எழும்பிப்போய் நானும் பிழிந்து பார்த்தேன். வந்தது! அல்ஹம்துலில்லாஹ், வந்துவிட்டது! நான் உண்டாக்கிய பெண்ணிடமே நான் சமையல் படித்த கதையை வீட்டில் சொன்னால் நம்பமாட்டார்கள்.)

5.

கலியாண நாள், பகல் ஒரு மணி.

"உங்கட முன்னால ஒரு கிண்ணம் இருக்கும். அதையும் கோழியையும் எடுங்கோ, சோத்தத் தொடவேணாம். கை சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது," என்று சொல்லித்தான் அவரை அனுப்பியிருந்தாள். சனூன் போகிற வழியில் மூன்று முறை திரும்பிப் பார்த்தார்.

முதல் சஹனில் இருந்தவர்கள்: சனூன், அவருக்குப் பக்கத்தில் சம்பந்தி கலந்தர், மாப்பிள்ளை றிஸ்லான், பள்ளி மௌலவி, மாப்பிள்ளையின் மாமா, பிறகு [ஆறாவது ஆள், பெயர் யோசிக்க வேண்டும்]. பரிமாறியவர் அஸ்மி.

இப்போது எனக்கு ஒரு சிக்கல். இந்தக் கதையைக் கைருன்னிசாவின் பக்கத்திலேயே நின்று சொல்வதாகத் தொடங்கிவிட்டேன். அவளோ பெண்கள் பக்கத்துத் திரைச்சீலைக்குப் பின்னால் நிற்கிறாள். இடுக்கு வழியாகப் பார்த்தால் மூன்று முதுகும், அவற்றுக்கு அப்பால் குனிந்த மூன்று தொப்பியும். அவளுக்குத் தெரியாதது எனக்கும் தெரியாது. எட்டிப் பார்க்கலாமென்று எனக்கு ஆசைதான், ஆனால் அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்துவிடுவாள்.

எனவே ஊகித்துச் சில முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: சனூன் கூச்சத்தில் கிண்ணத்தை ஒதுக்கிவிட்டுச் சோற்றை அள்ளுகிறார். (கிழித்துவிட்டேன். ஒன்பது நாள் பாடுபட்டவளுக்கு இதையா கொடுப்பது?)

முடிவு ஆ: கலந்தர் கிண்ணத்தைப் பார்த்து, "இதென்ன, எங்களுக்கில்லாத தனிச் சாப்பாடு?" என்று முகத்தைச் சுளிக்கிறார். சனூன்

(இதை முடிக்கவே மனம் வரவில்லை. சிலாவத்துறைக்காரரை எதற்கு வீணாகக் கெட்டவராக்குவது?)

நான் இப்படி அடித்துத் திருத்திக்கொண்டிருக்கும்போதே அஸ்மி ஓடிவந்தார்.

"மதினி! அந்த வெள்ளைச் சாமான் இன்னும் இருக்கா?"

கைருன்னிசா சட்டியின் மூடியைத் திறந்தாள். "ஏன், கிண்ணத்தில நிறைய வச்சனே? அதுக்குள்ள முடிஞ்சிட்டா?"

"வழிச்சு நக்கியாச்சு. கெதியாத் தாங்கோ."

யார் தின்றது? அவருக்கென்று வைத்ததை மற்றவர்கள் எடுத்துவிட்டார்களா? அப்படியென்றால் அவருக்கு முன்னால் இப்போது இருப்பது சோறு மட்டும்தான். கைருன்னிசா சட்டியையே தூக்கிக் கொடுத்துவிட்டாள். கொடுத்த கையோடு திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று முதுகில் ஒன்று குலுங்குவது தெரிந்தது.

பிறகு அந்தச் சிரிப்புக் கேட்டது. தெருமுனை வரைக்கும் கேட்கிற சிரிப்பு. கைருன்னிசா இப்போதுதான் அழுதாள், நான் கேட்காமலே. ஷிஹானாவின் மணச் சேலையில் மூக்கைத் துடைக்கப் போய்த் திட்டு வாங்கினாள்.

6.

சஹன் திரும்பி வந்தது. அஸ்மி அதைத் திருப்பாமல் கொள்ளாமல் நேராகக் கொண்டுவந்து வைத்தார்.

உண்டு முடித்த சஹனைப் பார்த்தால் யார் எவ்வளவு உண்டார் என்பதை வாசிக்கலாம். அவரவர் தன் முன்னால்தானே அள்ளுவது. நான்கு பக்கம் தட்டின் வெள்ளி தெரிந்தது. இரண்டு பக்கம் மட்டும், அடுத்தடுத்த இரண்டு பக்கம், பிரியாணி மதில் மாதிரி அப்படியே நின்றது. அடியில் கோழி எலும்புகள். மசியல் சட்டியோ கழுவத் தேவையில்லாதபடி வழித்துத் துடைத்திருந்தது.

"இது நானாட பக்கம்," என்று அஸ்மி தன் அண்ணனின் இடத்துக்கு நேரே விரலை நீட்டினார். "சோத்தத் தொடவேயில்ல."

"அப்ப பக்கத்தில?"

"அது சம்பந்திட."

கைருன்னிசா அந்த இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அவருக்கும் சீனியோ? இல்லாட்டி இவர் தனிய இருக்கக்கூடாதெண்டு விட்டாரோ?"

"எனக்கெப்பிடித் தெரியும் மதினி? நான் ஓடி ஓடிப் பரிமாறினனான்."

கலந்தருக்குப் பத்து வருடமாகச் சீனி, வீட்டிலேயே யாருக்கும் தெரியாது

கலந்தருக்கு ஒரு வருத்தமும் இல்லை, சனூன் கோழியை மட்டும் கிள்ளுவதைக் கண்டதும்

கலந்தருக்கு மசியல் பிடித்துவிட்டது, அவ்வளவுதான்

மூன்றையும் பாதியிலேயே விட்டுவிட்டேன். திரைக்கு இந்தப் பக்கம் நின்றவன் நான், எதை எழுதினாலும் கதை விடுகிறேன் என்றுதான் ஆகும். ஆனால் அந்தச் சஹனில் ஆறாவது இடத்துக்கு நான் பெயர் எழுதவில்லை, கவனித்தீர்களா? அது உங்களுடைய இடம். பெண்ணாயிருந்தால் என்ன, இது கதை, தொப்பியைப் போட்டுக்கொண்டு இருந்திருக்கலாம். இரண்டாவதாக வந்த சட்டியிலிருந்து நீங்களும் ஒரு விரல் வழித்தீர்கள், மறுக்கவேண்டாம். கலந்தர் சோற்றுப் பக்கம் போன கையைத் திருப்பி அந்தக் கிண்ணத்துக்குக் கொண்டுபோனபோது அவருடைய முகத்தைப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான்.

ஆகவே நீங்கள்தான் சொல்ல வேண்டும். நாளைக்குச் சிலாவத்துறையில் மாப்பிள்ளை வீட்டு வலீமா விருந்து. கைருன்னிசா பனையோலை உமலோடு மரக்கறிக் கடையில் நிற்கிறாள், கடைக்காரர் அவசரப்படுத்துகிறார். பூக்கோவா ஒன்று வாங்குவதா, இரண்டு வாங்குவதா?